பர்மாவில் மதமும் கலவரமும்: ஊரிலிருந்து கேட்கிறவர்களுக்குப் பதில்கள்

பர்மாவில் ஏதாவது நடந்து செய்தியில் வந்துவிட்டால் போதும், சிவகங்கைப் பக்கமிருந்து எங்கள் வீட்டுக்குப் போன் வரத் தொடங்கிவிடும். சித்தப்பா மக்கள், அத்தை வீட்டார், அவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று எல்லாரும் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். ஞாயிற்றுக்கிழமை கோவில் மண்டபத்தில் நான் தமிழ் சொல்லிக் கொடுக்கும் பிள்ளைகளும் அதையே வேறு மாதிரி கேட்கிறார்கள். போனில் பேசினால் பாதியில் லைன் போய்விடுகிறது, பதிலும் பாதியில் நின்றுவிடுகிறது. அதனால் எழுதி வைத்துவிட்டேன். நாட்டுக்கு மியான்மர் என்றும் ஊருக்கு யாங்கோன் என்றும் பெயர் மாற்றி வெகுகாலம் ஆகிவிட்டது. வீட்டில் நாங்கள் பர்மா, ரங்கூன் என்றுதான் சொல்கிறோம். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

அங்கே நடப்பது மதக் கலவரமா, அரசியல் சண்டையா?

இரண்டும் நடக்கிறது, இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடக் கூடாது. ஒரு வகையில், கூட்டம் கிளம்பிச் சிறுபான்மையினரின் கடையையும் வீட்டையும் கொளுத்துகிறது: 1930, 1938, 2012, 2013, 2014. இன்னொரு வகையில், அரசாங்கமே தன் மக்களைச் சுடுகிறது: 1988, 2007, 2021. கூட்டம் கொளுத்தும்போது போலீஸ் தாமதமாக வருகிறது, அல்லது வந்து நின்று பார்க்கிறது. மக்கள் ஊர்வலம் போனால் தெருமுனை திரும்புவதற்குள் லாரி வந்து நிற்கிறது. எந்தச் சம்பவத்தைப் பற்றிக் கேட்டாலும் நான் முதலில் விசாரிப்பது இதைத்தான்: சண்டை எப்போது தொடங்கியது, போலீஸ் எப்போது வந்தது? யார் எந்தச் சாமியைக் கும்பிட்டார்கள் என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

எந்த மதத்தார் எவ்வளவு பேர்? தமிழர் எதில் சேர்வார்கள்?

2014 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பௌத்தர்கள் நூற்றுக்கு 88 பேர், கிறிஸ்தவர்கள் 6 பேர், முஸ்லிம்கள் 4 பேர். இந்துக்கள் நூற்றுக்கு அரைப் பேர்தான். தமிழர்கள் எல்லாவற்றிலும் இருக்கிறோம். காளியம்மன் கோவிலுக்குப் போகிறவர்கள், கீழக்கரை, காயல்பட்டினம் பக்கத்திலிருந்து வந்து சூலியா என்று பெயர் பெற்ற முஸ்லிம்கள், மாதா கோவிலுக்குப் போகும் கத்தோலிக்கர்கள், பர்மியப் பெண்ணைக் கட்டிப் பௌத்தராகிவிட்டவர்கள். ஒரே குடும்பத்தில் இதில் மூன்று இருப்பதும் உண்டு. ஆகவே “முஸ்லிம்களுக்குத்தானே ஆபத்து, உங்களுக்கு என்ன” என்று தயவுசெய்து யாரும் போனில் கேட்காதீர்கள். அந்தப் பக்கமும் எங்கள் ஆட்கள்தான்.

1930-ல் என்ன நடந்தது?

அதில் மதமே கிடையாது. ரங்கூன் துறைமுகத்தில் கப்பல் சரக்கு ஏற்றி இறக்கும் வேலை தெலுங்குத் தொழிலாளர்கள் கையில் இருந்தது. கோரிங்கா துறைமுகத்திலிருந்து வந்ததால் அவர்களைக் கோரங்கிகள் என்பார்கள். 1930 மே மாதம் கூலி உயர்வு கேட்டு அவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கம்பெனிக்காரர்கள் அந்த இடத்தில் பர்மியர்களைக் கொண்டுவந்து வேலை வாங்கினார்கள். கையில் வேலையில்லாமல் இருந்த அந்தப் பர்மியர்களுக்கு அது பெரிய விஷயம். பிறகு கோரங்கிகளோடு சமரசம் ஆயிற்று. மே 26 காலையில் வழக்கம்போல வேலைக்கு வந்த பர்மியர்களைப் பார்த்து, இனி நீங்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கோரங்கிகள் சிரித்துக் கேலி செய்தார்கள் என்றும் சொல்வார்கள். அன்றைக்குத் தொடங்கியதுதான். சில நாட்களில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள், பெரும்பாலோர் இந்தியர்கள்.

அந்தக் காலத்தில் ரங்கூன் நகரத்து ஜனத்தில் பாதிக்கு மேல் இந்தியர்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தன் நாட்டுத் தலைநகரத்திலேயே பர்மியன் சிறுபான்மை. வெள்ளைக்காரக் கம்பெனிக்கு யாருடைய கூலி மலிவோ அவன் வேண்டும், அவ்வளவுதான். இரண்டு பசித்தவர்களையும் ஒரே வாசலில் நிற்க வைத்துவிட்டு அவர்கள் மாடியில் இருந்தார்கள்.

1938 கலவரம் ஒரு புத்தகத்தால் வந்ததாமே?

புத்தகம் ஒரு சாக்கு. மௌங் ஷ்வே ஹ்பி என்ற பர்மிய முஸ்லிம் எழுதிய புத்தகம் அது. முதலில் 1931-ல் வந்தபோது யாரும் கண்டுகொள்ளவில்லை. பிறகு மறுபதிப்பு வந்தது. அதில் புத்தரை இழிவுபடுத்தும் பகுதிகள் இருக்கின்றன என்று பர்மியப் பத்திரிகைகள் எடுத்துப் போட்டன. 1938 ஜூலை 26 அன்று ஷ்வேடகோன் பகோடாவில் பெரிய கண்டனக் கூட்டம். கூட்டம் முடிந்து ஊர்வலம் நேராகச் சூரத்தி பஜாருக்கு வந்தது. முஸ்லிம் வியாபாரிகள் நிறைந்த அந்தச் சந்தைதான் இன்றைய தெயின்ஜி சந்தை; எங்கள் காளியம்மன் கோவிலுக்கு அடுத்தாற்போல இருக்கிறது. அங்கே போலீசோடு கைகலப்பு, தடியடி. பிக்குகளைப் போலீஸ் அடிக்கிற படம் பத்திரிகையில் வந்ததும் நெருப்பு ரங்கூனைத் தாண்டி மாவட்டங்களுக்கெல்லாம் போய்விட்டது. செப்டம்பர் வரை விட்டுவிட்டு நடந்தது. இருநூறு பேருக்கு மேல் இறந்தார்கள்.

பிற்பாடு அமைத்த விசாரணைக் குழு, புத்தகத்தோடு நிற்கவில்லை. நிலம் கைமாறியது, வேலைப் போட்டி, இந்தியரைக் கல்யாணம் செய்துகொண்ட பர்மியப் பெண்களின் சட்ட நிலை, பொறுப்பில்லாத பத்திரிகைகள் என்று உள்ளே இருந்த காரணங்களை எடுத்துச் சொன்னது. மறு வருஷம், 1939-ல், பௌத்தப் பெண்களின் திருமணத்துக்கென்றே தனிச் சட்டம் வந்தது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், 2015-ல் திரும்பவும் வரும்.

எங்கள் அப்பத்தாவுக்கு அப்போது பன்னிரண்டு வயசு. ரங்கூனில் ஒரு சந்து வீட்டில் இருந்தார்கள். பக்கத்து வீட்டுப் பர்மிய அம்மா வந்து அப்பத்தாவின் பாவாடையை அவிழ்க்கச் சொல்லித் தன் மகளின் லுங்கியைக் கட்டிவிட்டு, முகமெல்லாம் தனகா பூசி, தன் வீட்டு வாசலில் உட்கார வைத்துவிட்டாராம். தனகா என்பது இங்கே பெண்கள் கன்னத்தில் பூசும் மரப்பட்டைச் சந்தனம். பூசினால் எந்தப் பெண்ணும் பர்மியப் பெண் மாதிரிதான் தெரிவாள். ஆனால் அப்பத்தாவின் அம்மாவை அப்படி மறைக்க முடியவில்லை. காதில் தண்டட்டி, தோள் வரை தொங்கும் காது. கழற்றினாலும் காது காட்டிக்கொடுத்துவிடும். அந்தப் பர்மிய அம்மா ஒரு பெரிய துண்டை நனைத்துத் தலையோடு காதையும் சேர்த்து இறுக்கிக் கட்டி, காய்ச்சல்காரி என்று பாயில் படுக்க வைத்தார். கூட்டம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போயிற்று. முஸ்லிம்களைத் தேடி வந்த கூட்டம்தான் அது, ஆனால் வழியில் கிடைத்த இந்தியனிடம் நின்று மதம் விசாரிக்கவில்லை. அப்பத்தா சாகிற வரைக்கும் ஈரத்துண்டை யாராவது தலையில் கட்டினால் அவிழ்க்கச் சொல்லிவிடுவார்.

செட்டியார்கள் வட்டிக்குக் கொடுத்ததுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்கிறார்களே?

எல்லாவற்றுக்கும் என்று சொன்னால் அநியாயம். ஒன்றுமே இல்லை என்று சொன்னாலும் அநியாயம். கீழ்ப் பர்மாவின் சதுப்பு நிலம் உலகத்துக்கே அரிசி அனுப்பும் வயலானது நகரத்தார், அதாவது செட்டியார்கள், கொடுத்த கடனால்தான். அவர்கள் நிலம் வாங்க வந்தவர்கள் அல்ல, பணம் கொடுத்து வாங்கும் தொழிலுக்கு வந்தவர்கள். 1929-க்கு அப்புறம் உலகச் சந்தையே விழுந்து நெல் விலை பாதியானபோது, கடன் வாங்கியவனால் அடைக்க முடியவில்லை. அடமானம் வைத்த நிலம் கைமாறியது. நெல் விளையும் 13 முக்கிய மாவட்டங்களில் 1930-ல் நூற்றுக்கு 6 பங்கு நிலம் செட்டியார்களிடம் இருந்தது. 1938-ல் அது 25 பங்கு ஆகிவிட்டது. எட்டே வருஷம். தன் வயலிலேயே குத்தகைக்காரனாக நின்ற பர்மிய விவசாயி, வாரச்சந்தையில் எந்தத் தமிழனைப் பார்த்தாலும் அந்தக் கிட்டங்கிக் கணக்குப்பிள்ளையாகத்தான் பார்த்தான். அவனுடைய கோபத்தை என்னால் குறைசொல்ல முடியவில்லை. அந்தக் கோபத்தை எடுத்துக் கூலிக்காரக் கோரங்கி மேலும் பீடா கடைக்காரர் மேலும் திருப்பி விட்டவர்கள் மேல்தான் என் கோபம்.

1962-க்கு அப்புறம் நம் ஆட்கள் திரும்பி வந்தது கலவரத்தாலா?

இல்லை, காகிதத்தால். 1962 மார்ச்சில் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தார். அடுத்த வருஷம் தேசியமயச் சட்டம் வந்தது. 1964 மார்ச்சில் ரங்கூன் கடைகளில் பச்சைப் பலகை மாட்டினார்கள். மக்கள் கடை என்று எழுதி நம்பர் போட்டார்கள். மே 17 அன்று 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு. ஒரு கல் எறியப்படவில்லை, ஒரு வீடு எரியவில்லை. சுமார் 3 லட்சம் இந்தியர்கள் நாட்டை விட்டுப் போனார்கள். கப்பல் ஏறும் இடத்தில் நகையைக் கழற்றச் சொன்னார்கள். எங்கள் பெரியத்தை தாலியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு வெறும் மஞ்சள் கயிற்றோடு கப்பல் ஏறினார். சென்னையில் பர்மா பஜார் என்று நீங்கள் சாமான் வாங்கப் போகிற இடம் அவர்களுக்காக உண்டானதுதான்.

இதையும் நான் வன்முறைக் கணக்கில்தான் எழுதுவேன்.

உங்களை அங்கே ‘கலா’ என்று கூப்பிடுவது உண்மையா?

உண்மை. மேற்கே இருந்து வந்தவன் என்ற பொருளில் தொடங்கிய பழைய சொல். இன்றைக்கு இந்திய முகம் உள்ள யாரையும் மட்டம் தட்டச் சொல்வது. சந்தையில் அன்பாகக் கூப்பிடுகிறவர்களும் உண்டு. குரலை வைத்துத் தெரிந்துகொள்வோம்.

குடியுரிமை இருக்கிறதா, இல்லையா?

இருக்கிறது, ஆனால் நிறம் வேறு. 1982 சட்டம் குடிமக்களை மூன்றாகப் பிரித்தது. முழுக் குடிமகனுக்கு ரோஸ் நிற அட்டை, இணைக் குடிமகனுக்கு நீலம், குடியேறிக் குடியுரிமை பெற்றவருக்குப் பச்சை. 1823-க்கு முன்பே, அதாவது வெள்ளைக்காரனோடு முதல் யுத்தம் வருவதற்கு முன்பே, இங்கே இருந்த இனங்கள்தான் தேசிய இனம். அரசுப் பட்டியலில் 135 இனங்கள். தமிழர் அதில் இல்லை. ஐந்து தலைமுறையாக இங்கேயே பிறந்தவருக்கும் அட்டை புதுப்பிக்கப் போனால் தாத்தாவின் காகிதம் கேட்பார்கள். 1942-ல் ஜப்பான் குண்டு போட்டபோது நடந்தே இந்தியா போனவர்கள் காகிதத்தை எங்கே கொண்டுபோவார்கள்?

969 என்ற ஸ்டிக்கர் என்ன?

இங்கே முஸ்லிம் உணவுக் கடைகளில் 786 என்று எழுதியிருக்கும். பிஸ்மில்லாவின் எண் மதிப்பு அது. ஹலால் கடை என்று அடையாளம். அதற்கு எதிராக 2012, 2013 வாக்கில் கிளம்பியது 969. புத்தரின் குணங்கள் ஒன்பது, தம்மத்தின் குணங்கள் ஆறு, சங்கத்தின் குணங்கள் ஒன்பது. எண்ணில் ஒரு தப்பும் இல்லை. பௌத்தன் பௌத்தன் கடையிலேயே வாங்கு என்று சொல்ல அதைப் பயன்படுத்தியதுதான் தப்பு.

நான் பார்த்ததைச் சொல்கிறேன். எங்கள் தெருவில் தமிழ் முஸ்லிம் ஒருவர் டீக்கடை வைத்திருந்தார். அவர் கடைக்கு வலது பக்கம் வெற்றிலைக் கடை, இடது பக்கம் போன் ரீசார்ஜ் கடை. ஒரு நாள் காலையில் இரண்டு கடையிலும் அந்த ஸ்டிக்கர், பல நிறங்களில் அழகாக அச்சடித்தது, அசோகர் தூண் போட்டது. வெற்றிலைக் கடைக்காரியிடம் கேட்டேன். இரண்டு பையன்கள் வந்து இலவசமாக ஒட்டிவிட்டுப் போனார்கள், கிழித்தால் என்னை யார் என்று கேட்பார்களே அக்கா என்றாள். அவளே தினம் மூன்று டீ அந்த முஸ்லிம் கடையில்தான் குடிப்பாள். அன்றைக்கும் குடித்தாள், ஆனால் கிளாசைத் தன் கடைக்கு வாங்கி வந்து குடித்தாள். அதுவரை அவர் கடை பெஞ்சில் உட்கார்ந்துதான் குடிப்பது வழக்கம். பத்தடி தூரம்தான்.

மெய்க்திலாவில் போலீஸ் என்ன செய்தது?

2013 மார்ச் 20. நடு பர்மாவில் மெய்க்திலா என்ற ஊர். முஸ்லிம் ஒருவரின் நகைக்கடையில் பௌத்தத் தம்பதி விற்கக் கொண்டுவந்த கொண்டை ஊசி பற்றித் தகராறு. கூட்டம் சேர்ந்து கடையை உடைத்தது. அன்று மாலை பிக்கு ஒருவரை முஸ்லிம்கள் சிலர் கொன்றார்கள். அதற்கு அப்புறம் ஊர் முழுதும் தீ. ஒரு மதரசாவின் மாணவர்களும் ஆசிரியர்களுமாக முப்பது பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள். மொத்தம் 40 பேருக்கு மேல் இறந்தார்கள், 12,000 பேர் வீடிழந்தார்கள். போலீஸ் துப்பாக்கியோடு அங்கேயேதான் இருந்தது. கண்ணெதிரே ஆள் எரிவதையும் அவர்கள் நிற்பதையும் போலீசாரே எடுத்த வீடியோவில் உலகம் பார்த்தது. மார்ச் 22 அன்று ஜனாதிபதி தெயின் செய்ன் நெருக்கடி நிலை அறிவித்து ராணுவத்தை அனுப்பினார். ராணுவம் நுழைந்ததும் கலவரம் நின்றுவிட்டது. நிறுத்த முடிந்த ஒன்றை மூன்று நாள் நிறுத்தவில்லை என்றுதான் நான் இதைப் படிக்கிறேன். அதோடு போகவில்லை, அந்த மாதக் கடைசியில் பெகு பகுதியில் ஓக்போ, ஜியோபின்கவுக், மின்லா என்று ஊர் ஊராகப் பள்ளிவாசல்கள் இடிந்தன.

அதே மெய்க்திலாவில் யதனா ஊ மடத்துத் தலைமை பிக்கு வித்துத்தா, ஓடி வந்தவர்களுக்கு மடத்துக் கதவைத் திறந்துவிட்டார். சுமார் 800 முஸ்லிம்களும் வீடிழந்த பௌத்தர்களும் உள்ளே. கூட்டம் வந்து முஸ்லிம்களை வெளியே அனுப்பச் சொன்னபோது, என்னைத் தாண்டித்தான் போக வேண்டும் என்று வாசலில் நின்றார். துப்பாக்கி வைத்திருந்தவர்கள் நின்று பார்த்த ஊரில், காவித்துணி மட்டும் வைத்திருந்த ஒருவரால் இது முடிந்திருக்கிறது.

வதந்தி வந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்?

2014 ஜூலை 1 மண்டலேயில் நடந்ததை முதலில் சொல்கிறேன். முஸ்லிம் டீக்கடைக்காரர் பௌத்தப் பெண்ணைக் கெடுத்துவிட்டார் என்று ஃபேஸ்புக்கில் பதிவு. விராத்து என்ற பிக்கு அதைப் பரப்பினார். இரண்டு பேர் கொல்லப்பட்டார்கள், ஒருவர் பௌத்தர், ஒருவர் முஸ்லிம். பிறகு விசாரித்தால், அந்தப் பெண் பணம் வாங்கிக்கொண்டு பொய்ப் புகார் கொடுத்திருக்கிறார். அந்தச் சில நாள் ஃபேஸ்புக்கை முடக்கித்தான் ஊரை அடக்கினார்கள். 1938-ல் பத்திரிகை செய்த வேலையை இப்போது போன் செய்கிறது, வேகம்தான் கூடிவிட்டது. வன்முறையைத் தூண்டத் தன் தளம் பயன்பட்டதைத் தடுக்கப் போதுமான அளவு செய்யவில்லை என்று அந்தக் கம்பெனியே 2018-ல் ஒப்புக்கொண்டது.

சரி, நாங்கள் என்ன செய்வோம்? எங்கள் தெருவில் ஒரு பழக்கம் உண்டு. செய்தி வந்தால் பகிர்வதற்கு முன் அந்த இடத்தில் இருக்கும் ஒருவருக்குப் போன் பண்ணி, கண்ணால் பார்த்தாயா என்று கேட்பது. 2013 ஏப்ரலில் ரங்கூனில் ஒரு மதரசா தீப்பிடித்து 13 பிள்ளைகள் இறந்தார்கள். மெய்க்திலா முடிந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. அன்று விடியற்காலை முதல் என் போன் நிற்கவே இல்லை. மின்கோளாறு என்றது அரசு, நம்பாதவர்கள் பலர். ஆனாலும் எங்கள் பக்கம் ஒருவரும் தடியெடுக்கவில்லை. பள்ளிவாசல் பெரியவர்கள் வாசலில் நின்று பையன்களைத் திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தார்கள்.

பௌத்த மதமே வன்முறையைத் தூண்டுகிறதா?

இல்லை. 2007-ஐ நினைத்துப் பாருங்கள். ஆகஸ்ட் 15 அன்று அரசு எரிபொருள் விலையை ஒரே நாளில் பல மடங்கு ஏற்றியது. பஸ் கட்டணம் கூலிக்காரரின் ஒரு நாள் வருமானத்தில் பாதியைத் தின்றது. பிக்குகள் தெருவுக்கு வந்தார்கள். தினம் பிச்சை எடுத்துச் சாப்பிடுகிறவர்களுக்குத்தான் எந்த வீட்டில் சோறு குறைந்தது என்று முதலில் தெரியும். பகோக்கு என்ற ஊரில் அவர்களை ராணுவம் அடித்ததும், ராணுவத்தாரிடம் பிச்சை வாங்க மாட்டோம் என்று திருவோட்டைக் கவிழ்த்துவிட்டார்கள். பௌத்தனுக்கு அதைவிடப் பெரிய தண்டனை இல்லை. புண்ணியம் சேர்க்கும் வழியே அடைபடும். மழையில் அன்பைச் சொல்லும் மெத்தா சூத்திரம் சொல்லிக்கொண்டு பிக்குகள் நடந்தார்கள், இரண்டு பக்கமும் ஜனங்கள் கைகோத்து வேலி கட்டினார்கள். செப்டம்பர் 26 முதல் சுட்டார்கள்.

அந்த விராத்து 2003-ல் சிறைக்குப் போய் 2012-ல் பொது மன்னிப்பில் வந்தவர். பிறகு தேசத்துரோக வழக்கில் சிக்கி, 2021 செப்டம்பரில் ராணுவ ஆட்சியில் விடுதலையாகி, 2023-ல் பட்டமும் வாங்கிவிட்டார். திருவோட்டைக் கவிழ்த்தவர்களுக்குத் தோட்டா. மதத்தைக் குறை சொல்வதற்கு முன் இந்தக் கணக்கைப் பாருங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

2008 அரசியல் சட்டத்தின் 361-வது பிரிவு பௌத்தத்துக்குத் தனி இடம் கொடுக்கிறது. 362 கிறிஸ்தவம், இஸ்லாம், இந்து மதம், ஆவி வழிபாடு ஆகியவை நாட்டில் இருப்பதாக ஏற்கிறது. 364 மதத்தை அரசியலுக்குத் தவறாகப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. படிக்க நன்றாகவே இருக்கும்.

தண்டனைச் சட்டமும் நடைமுறைச் சட்டமும் வெள்ளைக்காரன் வைத்துவிட்டுப் போனவை, உங்களுடையவைதான். இந்தியாவில் 144 என்ற எண்ணைப் புதுச் சட்டத்தில் 163 ஆக்கிவிட்டார்கள். இங்கே இன்னும் 144 என்றே ஓடுகிறது, 1898-ம் வருஷத்துச் சட்டம். மத உணர்வைப் புண்படுத்துவதற்கான 295-A பிரிவும் உண்டு. 2015-ல் எழுத்தாளர் டின் லின் ஊ, புத்தரின் பெயரால் இனவெறி பேசாதீர்கள் என்று மேடையில் சொன்னதற்கு அந்தப் பிரிவில் இரண்டு வருஷம் தண்டனை பெற்றார். வெறுப்பைப் பேசியவர்கள் வெளியில், வெறுப்பு வேண்டாம் என்றவர் உள்ளே.

அதே 2015-ல்தான் நான்கு இன, மதப் பாதுகாப்புச் சட்டங்கள் வந்தன: மதம் மாற அனுமதி வாங்க வேண்டும், பௌத்தப் பெண் வேறு மதத்தாரைக் கட்டினால் நோட்டீஸ் ஒட்ட வேண்டும், இப்படி. 1939-ஐ ஞாபகம் வைக்கச் சொன்னேன் அல்லவா.

வக்கீல் கோ நி யார்?

இந்தச் சட்டங்களை எதிர்த்துப் பேசியவர், முஸ்லிம், ஆங் சான் சூ கீயின் கட்சிக்குச் சட்ட ஆலோசகர். ராணுவம் எழுதிய அரசியல் சட்டப்படி சூ கீ ஜனாதிபதியாக முடியாது என்றபோது, அரச ஆலோசகர் என்ற பதவியை உண்டாக்க வழி சொன்னவர். 2017 ஜனவரி 29 அன்று ரங்கூன் விமான நிலையத்துக்கு வெளியே பேரனைக் கையில் தூக்கி வைத்திருந்தபோது தலையில் சுட்டார்கள். சுட்டவனைத் துரத்திப் பிடிக்கப் போன டாக்சி டிரைவர் நே வின்னையும் (1962-ல் ஆட்சியைப் பிடித்தவர் வேறு, இவர் வேறு) அவன் சுட்டுக் கொன்றான். அந்த டிரைவர் பௌத்தர். எங்கள் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் இரண்டு பெயரையும் சேர்த்தே சொல்லிக் கொடுக்கிறேன்.

ரோஹிங்கியாக்கள் விஷயத்தில் தமிழர் என்ன நினைக்கிறீர்கள்?

கஷ்டமான கேள்வி, ஆனாலும் பதில் சொல்ல வேண்டும். ரோஹிங்கியாக்கள் மேற்கே ரக்கைன் மாநிலத்து முஸ்லிம்கள், பெரும்பாலோருக்குக் குடியுரிமை இல்லை. 2017 ஆகஸ்ட் 25 அன்று அர்சா என்ற ரோஹிங்கியா ஆயுதக் குழு போலீஸ் காவல் நிலையங்களைத் தாக்கியது. அந்த நாட்களில் கா மௌங் செய்க் பகுதியில் இந்துக்களை அந்தக் குழு கொன்றது என்று ஆம்னெஸ்டி அறிக்கை சொன்னது. ராணுவம் பதிலுக்குச் செய்தது கிராமம் கிராமமாகக் கொளுத்தியது. 7 லட்சம் பேருக்கு மேல் பங்களாதேஷுக்கு ஓடினார்கள். வழக்கு சர்வதேச நீதிமன்றம் வரை போயிற்று. அந்தச் சமயத்தில் எங்களில் பலர் வாயை மூடிக்கொண்டோம். சிலர், நாங்கள் அவர்கள் மாதிரி இல்லை என்று காட்டிக்கொள்ளக் கொஞ்சம் சத்தமாகவே பேசினார்கள். நானும் மூடிக்கொண்டவள்தான். நீலமோ பச்சையோ அட்டை வைத்திருக்கிறவர்கள் அட்டையே இல்லாதவர்களைப் பார்த்துப் பயப்படுவது எதற்கென்று எனக்குப் புரிகிறது, அதனால் அது சரியாகிவிடாது.

2021-ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு தெருவில் நின்ற பர்மியப் பிள்ளைகள் பலர், ரோஹிங்கியாக்களிடம் மன்னிப்புக் கேட்டு எழுதினார்கள். தன் வீட்டுக் கதவை ராணுவம் உடைத்த பிறகு வந்த புத்தி என்று சிலர் சொல்வார்கள். வந்ததே என்று நான் நினைக்கிறேன். சகாயிங் பக்கம் பௌத்தக் கிராமங்களே எரிந்தபோது, 2017-ல் நம்பாதவர்கள்கூட நம்பினார்கள்.

2021-க்கு அப்புறம் அன்றாடம் எப்படி இருக்கிறது?

பிப்ரவரி 1 ஆட்சி மாற்றம், 8-ம் தேதி 144: ஐந்து பேருக்கு மேல் கூடக் கூடாது, இரவு எட்டு மணி முதல் காலை நான்கு வரை ஊரடங்கு. 15 முதல் ராத்திரியில் இண்டர்நெட்டும் நிறுத்தம். இரண்டு வாரத்தில் எல்லாம் முடிந்தது. மெய்க்திலா என்ற ஒரே ஊருக்கு மூன்று நாள் ஆனதே, அங்கே போனதும் இதே ராணுவம்தான்.

பிறகு விருந்தாளிப் பட்டியல். வீட்டில் யாராவது ராத்திரி தங்கினால் வார்டு ஆபீசில் எழுதிக் கொடுக்க வேண்டும் என்ற பழைய விதியை 2016-ல் எடுத்தார்கள், 2021 பிப்ரவரியில் திரும்பக் கொண்டுவந்தார்கள். நடுராத்திரியில் கதவைத் தட்டி, வீட்டுப் பட்டியலை வாங்கி, டார்ச் அடித்துத் தலையை எண்ணுவார்கள். என் தங்கை மகள் பிரசவத்துக்கு வந்திருந்தபோது எண்ணினார்கள். பட்டியலில் ஐந்து, வீட்டில் ஏழு. தங்கை மகளின் பெயரை முந்தின நாளே எழுதிக் கொடுத்துவிட்டதால் ரசீது இருந்தது. ஏழாவது தலை இரண்டு நாள் குழந்தை. அதற்கும் பெயர் கேட்டார்கள். இன்னும் வைக்கவில்லை என்றோம். “பெண் குழந்தை” என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவச் சேவைச் சட்டத்தை அமலுக்குக் கொண்டுவந்தார்கள்: ஆண்கள் 18 முதல் 35, பெண்கள் 18 முதல் 27. அதற்கு அப்புறம் எங்கள் தமிழ் வகுப்பில் பெரிய பையன்களே இல்லை. தாய்லாந்துக்குப் போனவர்கள் சிலர். மற்றவர்களைப் பற்றி எழுத மாட்டேன்.

இவ்வளவுக்கும் அப்புறம் கோவிலுக்குப் பர்மியர்கள் வருகிறார்களா?

நிறைய வருகிறார்கள். அனவ்ரதா சாலையில் உள்ள எங்கள் காளியம்மன் கோவில் 1871-ல் தமிழர் கட்டியது. வெள்ளிக்கிழமை காலையில் வந்து பாருங்கள், வரிசையில் பாதி பர்மியர்கள். தேங்காயும் வாழைச் சீப்பும் வைத்த தட்டு கொண்டுவருவார்கள். அவர்கள் நாட் தெய்வங்களுக்கு வைக்கிற படையலும் அதேதான், அதனால் புதுசாகக் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை.

அர்ச்சனை என்றால் குருக்கள் பெயர், நட்சத்திரம் கேட்பார். பர்மியர்களுக்கு நட்சத்திரம் தெரியாது, பிறந்த கிழமைதான் தெரியும். புதன்கிழமையை மட்டும் இரண்டாகப் பிரிப்பார்கள், காலை வேறு, பிற்பகல் வேறு. போன மாதம் ஒரு அம்மா வந்தார். மகனைப் பிடித்துக்கொண்டு போய் ஐந்து மாதம், பயிற்சி முகாமிலிருந்து ஒரே ஒரு தடவைதான் போன் வந்ததாம். பையன் பெயரைச் சொன்னார். கிழமை கேட்டதும் “யாஹு” என்றார். புதன் பிற்பகலில் பிறந்தவர்களுக்கு அவர்கள் சொல்கிற பெயர் அது. குருக்கள் நிமிர்ந்து பார்த்தார். ராகுவா என்று கேட்டார். ஆமாம், யாஹு என்று அந்த அம்மா தலையாட்டினார். பையன் பெயரையும் ராகுவையும் சேர்த்துச் சொல்லி, ஒரு எலுமிச்சம்பழத்தை அறுத்து விளக்கேற்றிக் கையில் கொடுத்தார் குருக்கள்.